ஆங்கில வகுப்பில் ஒரு குடும்பக் கதை

ஆங்கில இலக்கிய வகுப்புகளில் குடும்ப நினைவு நூல்களைப் பாடமாக வைக்கும் வழக்கம் வேரூன்றிவிட்டது. நாடகமும் கவிதையும் நாவலும் இருந்த வரிசையில், ஒருவர் தம் தாய் தந்தையரையும் பாட்டன் பாட்டியரையும் பற்றி எழுதிய உரைநடை நூலும் வந்து அமர்ந்திருக்கிறது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால், அத்தகைய நூலைப் படித்து முடித்ததும் வகுப்பில் எழும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டுக்குள் அடங்கிவிடுகின்றன. ‘இதில் சொல்லப்பட்டவையெல்லாம் உண்மையா?’ என்பது ஒன்று. ‘நீயும் உன் குடும்பத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுது’ என்பது மற்றொன்று. இது கேள்விகூட அன்று, கட்டளை. முதலாவது மாணவனைப் போலீஸ்காரன் ஆக்குகிறது. இரண்டாவது, நூலை மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கதை சொல்பவருக்குச் செய்தி எப்படிக் கிடைத்தது, யார் வாயிலிருந்து கிடைத்தது, யாரைக் கேட்காமல் விட்டார் என்று பார்ப்பதே அவ்வேலை. அதைச் செய்யாத வகுப்பு நூலைப் படித்ததாகாது.

இதை விளக்குவதற்கு மைக்கேல் ஒந்தாச்சி எழுதிய ‘ரன்னிங் இன் த ஃபேமிலி’ என்னும் நூலைக் காட்டிலும் பொருத்தமான ஒன்றைக் காண்பது அரிது. 1982இல் வெளிவந்த இந்நூல் கனடாவில் பள்ளி, கல்லூரி வகுப்புகளில் வாசிக்கப்பட்டு வருகிறது. ஆசிரியர் 1943இல் கொழும்பில் பிறந்தவர்; பதினோராம் வயதில் இலங்கையை விட்டு இங்கிலாந்து சென்று, 1962இல் கனடாவில் குடியேறியவர். 1992இல் புக்கர் பரிசு பெற்ற பின்னரே அவர் பெயர் உலகெங்கும் பரவிற்று. அப்பரிசுப் பணத்தைக் கொண்டு இலங்கையின் ஆங்கில எழுத்துக்கென அவர் நிறுவிய பரிசு, அவருடைய தாயின் குடும்பப் பெயரால் ‘கிரேஷன் பரிசு’ என வழங்குகிறது. 1978இலும் 1980இலும் அவர் பிறந்த நாட்டுக்கு இருமுறை பயணம் செய்து, உற்றார் உறவினரிடம் கேட்டறிந்தவற்றைக் கொண்டு இந்நூலை அமைத்தார். நூலின் தலைப்பு இருபொருள் தருவது. குடும்பத்தில் வழிவழியாக ஓடி வருவது என்பது ஒன்று. குடும்பத்துக்குள் புகுந்து ஓடுவது என்பது மற்றொன்று. இரண்டுமே நூலுக்குப் பொருந்துகின்றன.

தமிழ் வாசகருக்கு இக்குடும்பம் முற்றிலும் அயலானதன்று. ஒந்தாச்சி குடும்பத்தினர் பறங்கியர் வகுப்பைச் சார்ந்தவர்கள். சிங்களம், தமிழ், ஒல்லாந்தம் என்று பல குருதிகள் கலந்தவர்கள். ஆளுநரின் மகளை மூலிகையால் குணப்படுத்திய மருத்துவர் ஒருவர் நிலமும் அயல்நாட்டு மனைவியும் பெற்றுத் தம் பெயருக்கு ஒல்லாந்த எழுத்துக்கூட்டும் பெற்றார் என்று நூல் கூறுகிறது. அம்மருத்துவர் தஞ்சையிலிருந்து சென்றவர் என்பது இலங்கைப் பறங்கியர் குடும்ப வரலாறுகளில் காணப்படும் செய்தி. இங்கே ஒரு சிக்கல். நூல் இந்நிகழ்ச்சியை 1600ஆம் ஆண்டில் வைக்கிறது. ஒல்லாந்தர் காலியைக் கைப்பற்றியதோ 1640இல். கொழும்பைக் கைப்பற்றியது 1656இல். 1600இல் இலங்கையில் ஒல்லாந்த ஆளுநர் இருந்திருக்க முடியாது. வரலாறு படித்த மாணவன் ஒருவன் கையை உயர்த்தி, ‘ஐயா, இது தவறு’ என்று சொல்லக்கூடும். அவனைப் பாராட்டத்தான் வேண்டும். ஆயினும் அத்துடன் நின்றுவிட்டால், கண்டுபிடித்ததன் பயன் பாதிதான். குடும்பங்கள் காலத்தைக் கணக்கிடும் முறை வேறு. பெரியவர்கள் ‘வெள்ளைக்காரன் காலத்தில்’ என்பார்கள், ‘பெரிய வெள்ளத்துக்கு முந்திய வருடம்’ என்பார்கள். 1600 என்பது ஆவணத்திலிருந்து எடுத்த எண்ணாகத் தோன்றவில்லை. வாய்வழி உருண்டு உருண்டு வழவழப்பான எண்ணாகத் தோன்றுகிறது. ஒரு செய்தி வாயிலிருந்து வந்ததா ஏட்டிலிருந்து வந்ததா என்பதை மாணவன் இந்த ஓர் எண்ணைக் கொண்டே கற்றுக்கொள்ளலாம்.

நூலாசிரியர் ஏடுகளைத் தேடாதவர் அல்லர். கொழும்பில் புனித தோமையார் கோயிலின் கல் தளத்தில் தம் குடும்பப் பெயர் பொறித்திருப்பதை மண்டியிட்டுக் காண்கிறார். கோயிலின் பழைய பதிவேடுகளைப் புரட்டுகிறார். ஆயினும் நூலின் பெரும்பகுதி அத்தைமார், சித்திமார் வாய்மொழியால் ஆனது. பகலுணவு மேசையில் பலர் ஒருங்கே பேசும் பகுதி ஒன்று உண்டு. யார் பேசுகிறார், யாரைப் பற்றிப் பேசுகிறார் என்று பிரித்தறிய முடியாதபடி ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டுகிறார். கேட்டுக்கொண்டிருப்பவர், கதையை ஒழுங்காகச் சொல்லுமாறு கெஞ்சுகிறார். இப்பகுதியை ஆசிரியரே படித்துக் காட்டுவதைக் காட்டிலும் ஐந்தாறு மாணவர்களிடம் பங்கிட்டுக் கொடுத்து உரக்கப் படிக்கச் செய்வது நன்று. எந்த வரி யாருடையது என்று அவர்களுக்குள் சச்சரவு வரும். அந்தச் சச்சரவே பாடம்.

கிதுல்கலைத் தங்குமனையின் வருகைப் பதிவேடு பற்றிய செய்தி இன்னும் சுவையானது. ஆசிரியரின் தந்தையும் பகைவர் ஒருவரும் அப்பதிவேட்டில் ஒருவரை ஒருவர் ஏசி எழுதிக்கொண்டார்களாம். பூசல் எல்லை கடக்கவே அப்பக்கங்கள் கிழித்தெறியப்பட்டன. ஆகவே அந்த ஏட்டுப் போருக்குச் சான்று இன்று எதுவும் இல்லை. சான்று இல்லாமல் போனதற்கே ஒரு கதை இருக்கிறது பாருங்கள்!

நிற்க. நூலில் மிகவும் புகழ் பெற்ற பகுதி லல்லா என்னும் பாட்டியின் இறப்பைக் கூறுவது. 1947ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதப் பெருமழையில், நுவரெலியாவில், வீட்டை விட்டு இறங்கிய அம்மூதாட்டியை வெள்ளம் அடித்துச் செல்கிறது. தெருக்களும் பூங்காவும் வேலிகளும் கடந்து அவர் மிதந்து செல்லும்போது கண்டவை, நினைத்தவை யாவும் விரிவாக வருணிக்கப்படுகின்றன. இறுதியில் ஜக்கரந்தா மரம் ஒன்று அவரை ஏந்திக்கொள்கிறது. படிப்போர் மனம் ஒன்றிப்போகும் பகுதி இது. அம்மழையின் வெள்ளம் உண்மை. பாட்டி இறந்ததும் உண்மை. ஆனால், வெள்ளத்தில் செல்லும் போது அவர் நினைத்ததை வந்து சொன்னவர் யார்? உடன் சென்றவர் இல்லை. மீண்டு வந்தவரும் இல்லை. பேரனோ அப்போது நான்கு வயது நிரம்பாத குழந்தை.

இக்கேள்வியை வகுப்பில் எழுப்பும் ஆசிரியர், அதற்கு விடையையும் உடனே தந்துவிடக் கூடாது. ‘கற்பனை’ என்ற ஒரு சொல்லில் மாணவர்கள் விடை கூறி முடித்துவிடுவார்கள். அது விடையன்று. கேட்டறிந்த செய்தி எந்த வரியோடு முடிகிறது, பேரனின் மொழி எந்த வரியில் தொடங்குகிறது என்று பென்சிலால் கோடிட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். இருவர் ஒரே இடத்தில் கோடிட மாட்டார்கள். ஏன் இங்கே இட்டாய் என்று கேட்டால், அப்போதுதான் அவர்கள் சொற்களைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். தமிழில் இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டை அருகில் வைத்தால் வேறுபாடு நன்கு விளங்கும். உ. வே. சாமிநாதையர் 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதி வந்து, அவர் மறைவுக்குப் பின் 1950இல் நூலான ‘என் சரித்திர’த்தில், முன்னோர் பற்றிய செய்திகளைப் பெரியோர் சொல்லக் கேட்டனவாகவே ஐயர் வைக்கிறார், தாம் கண்டவற்றைக் கண்டனவாக வைக்கிறார். இறந்தவரின் உள்ளத்துள் புகுவதில்லை. ஐயரின் முறை நேர்மையானது, ஒந்தாச்சியின் முறை நேர்மையற்றது என்று இதனால் முடிவு கட்டிவிடலாகாது. இது வரலாறன்று என்னும் கருத்துப்பட ஒந்தாச்சியே தம் நன்றியுரையில் குறித்திருக்கிறார். எல்லைக்கல்லை ஐயர் வாசகன் கண்ணெதிரே நடுகிறார். ஒந்தாச்சியோ பிடுங்கி வைத்துவிட்டு, பிடுங்கியதையும் சொல்லிவிடுகிறார். இருவருடைய நூலையும் ஒரே கண்ணால் படிக்க முடியாது என்பது மட்டும் தெளிவு.

இனித் தந்தையின் கதைக்கு வருவோம். மெர்வின் ஒந்தாச்சி தேயிலை, இரப்பர்த் தோட்டங்களில் துரையாக இருந்தவர். இளமையில் கேம்பிரிட்ஜுக்குப் படிக்க அனுப்பப்பட்டு, பல்கலைக்கழகத்தில் சேராமலேயே அந்நகரில் இரண்டரை ஆண்டு பெற்றோர் பணத்தில் வாழ்ந்தவர். குடி அவரைப் பிடித்துக்கொண்டது. போர்க்காலத்தில் இராணுவ அதிகாரியாக இருந்த அவர், குடிவெறியில் திருகோணமலை இரயிலைத் தம் விருப்பம்போல் நிறுத்தியும் ஓட்டியும் ஆட்டிவைத்ததும், கடுகண்ணாவைச் சுரங்கத்துள் ஆடையின்றி ஓடியதும், அவரை அழைத்துவர மனைவியை உடைகளோடு சுரங்கத்துள் அனுப்பியதும் நூலில் நகைச்சுவை ததும்பச் சொல்லப்படுகின்றன. தயிர்ச் சட்டிகளை வெடிகுண்டுகள் என்று எண்ணி ஆற்றில் வீசிய கதையும் உண்டு. எந்த வகுப்பிலும் இப்பக்கங்களுக்குச் சிரிப்பு எழும்.

எல்லாருக்கும் சிரிப்பு எழுமா என்பதுதான் கேள்வி. கள்ளும் சம்சுவும் எத்தனையோ தோட்டக் குடும்பங்களைக் குலைத்தன என்பதை இந்நாட்டுத் தமிழாசிரியர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சம்பள நாளன்று தகப்பன் எந்தப் பாதையாக வீடு திரும்புவான் என்று காத்திருந்து பழகிய சிறுவன் ஒருவன் பின் வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். வகுப்பு முழுதும் சிரிக்கும்போது அவனும் சிரிப்பான். வேறு என்ன செய்வான்? அவனுக்கு இந்நூல் என்ன சொல்கிறது? அவன் தகப்பன் தோட்டத்துப் பெரட்டுக் களத்துக்குத் தள்ளாடி வந்தால் பெயர் வெட்டப்படும், சம்பளம் பிடிக்கப்படும். இங்கே ஓர் அதிகாரி குடித்துவிட்டு இரயிலை நிறுத்தினால் இரயில் நிற்கிறது. இரயில்வேயினர் அவர் மனைவியைத் தேடுகிறார்கள். ஒரு குடிகாரனின் செயல் வேடிக்கையாவதற்கும் குற்றமாவதற்கும் இடையே நிலமும் பதவியும் குடும்பப் பெயரும் நிற்கின்றன. ‘இரயிலை நிறுத்தியவர் கூலிக்காரராக இருந்திருந்தால் இக்கதையை யார், எப்படிச் சொல்லியிருப்பார்?’ என்று ஆசிரியர் கேட்டுவிட்டால் போதும். பின் வரிசைச் சிறுவன் தன் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமலே அக்கேள்விக்கு விடை எழுத முடியும். அவனிடம் அதற்கு வேண்டிய அறிவு மற்றவர்களைவிட அதிகமாகவே இருக்கிறது.

இரயில் கதையை மட்டும் வெட்டியெடுத்துப் பாடமாக்குவது இந்நூலுக்குச் செய்யும் பெருந்தீங்கு. நூலின் பிற்பகுதியில் சிரிப்பு அடங்கிவிடுகிறது. ‘தனிகம’ என்று ஒரு பகுதிக்குத் தலைப்பு. சிங்களச் சொல்தான், ஆனால் தமிழாசிரியருக்கு இதன் பொருளறிய அகராதி வேண்டா. மணமுறிவுக்குப் பின் கொழும்பு சென்று முன்னாள் மனைவியைச் சந்தித்துவிட்டு, இரவில் தனியே வீடு திரும்புகிறார் தந்தை. குடிக்கிறார். அவர் படித்துக்கொண்டிருந்த நாவலின் ஒரு பக்கத்தை எறும்புகள் இழுத்துச் செல்வதைப் பார்க்கிறார். அது 189ஆம் பக்கம். அவர் இன்னும் அதுவரை படித்திருக்கவில்லை. அதை எறும்புகளுக்கே விட்டுவிடுகிறார். இதையும் நேரில் கண்டவர் எவருமில்லை. பாட்டியின் வெள்ளத்தைப் போலவே இதுவும் மகனின் படைப்பு. ஆனால் அங்கே மொழி கொண்டாடுகிறது. இங்கே அடங்கித் தலை குனிகிறது. தந்தை இறந்தது 1965இல். மகன் அப்போது கனடாவில் இருந்தார். கேட்க வேண்டியதைக் கேட்க முடியாமல் போனவர், ஊராரின் வேடிக்கைக் கதைகளை அடுக்கி அடுக்கிக் கடைசியில் அவற்றுக்குப் பின்னால் இருந்த மனிதனைத் தொட முயல்கிறார். தொட்டுவிட்டதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. நூல் முழுவதிலும் மிக உயர்ந்த பகுதி இதுவே எனலாம். வெள்ளக் காட்சியைப் பலரும் புகழ்வர். அதில் ஆசிரியர் தம் திறமையைத் தாமே சுவைப்பது போன்ற ஒரு தோற்றம் இருக்கத்தான் செய்கிறது.

இந்நூல்மீது கடுமையான குற்றச்சாட்டு ஒன்று உண்டு. கனடாவில் பணியாற்றிய பேராசிரியை அருண் முகர்ஜி 1985இல் எழுதிய கட்டுரையில், ஒந்தாச்சியின் எழுத்தில் இலங்கை மக்களின் வாழ்வும் காலனி ஆட்சியின் வரலாறும் இடம் பெறவில்லை என்று வாதித்தார். குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. 1920களின் குதிரைப் பந்தயமும் நடனமும் மதுவும் நிறைந்த பக்கங்களில், அந்த வாழ்வுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்னும் கேள்வி எழவேயில்லை. மலையகத் தேயிலைத் தோட்டத்தில் ஆசிரியர் தங்கிய நாள்களைப் பற்றி ஒரு பகுதி உண்டு. அங்கே மலையின் பசுமையும் அமைதியும் அழகுற வருணிக்கப்படுகின்றன. கொழுந்து பறிப்போர் காட்சியில் வருகிறார்கள். ஆனால் பெயரும் குரலும் உடைய மனிதராக அவர்களுள் எவரும் முன்னே வரவில்லை. லயத்துக்குள் நூல் எட்டிப் பார்க்கவில்லை. பதிவேட்டில் தம் குடும்பப் பெயரை முந்நூறு ஆண்டு பின்னோக்கித் தேடிச் சென்ற ஆசிரியருக்கு, தந்தையின் தோட்டத்துச் செக்ரோலில் இருந்திருக்கக்கூடிய பெயர்களைத் தேடத் தோன்றவில்லை. அவர்கள் முத்தம்மாக்கள், இராமாயிகள், கருப்பையாக்கள். தோட்டத்தில் எழுதப்பட்ட ஏடு அவர்களுக்கு அது ஒன்றே.

ஆயினும் குற்றச்சாட்டை முழுமையாக ஒப்புக்கொள்வதற்கு இல்லை. நூலிலேயே அதற்கு ஓரளவு மறுமொழி இருக்கிறது. 1971ஆம் ஆண்டு இளைஞர் கிளர்ச்சியை ஆசிரியர் விட்டுவிடவில்லை. துப்பாக்கிகளைத் தேடித் தம் குடும்ப வீட்டுக்கு வந்த கிளர்ச்சியாளர்கள், வேலை முடிந்ததும் முற்றத்தில் கிரிக்கெட் ஆடிச் சென்றதை எழுதுகிறார். கிளர்ச்சி அடக்கப்பட்டபோது வித்தியாலங்காரப் பல்கலைக்கழகம் சிறை முகாமாக மாற்றப்பட்டதையும், அங்கே அடைபட்டவர்கள் சுவர்களிலும் கூரைகளிலும் கவிதைகள் எழுதி வைத்ததையும், பின்னர் திரும்பி வந்த மாணவர்கள் சுண்ணாம்பு பூசப்படுவதற்கு முன் அவற்றை நாள்கணக்கில் படியெடுத்ததையும் கூறுகிறார். தம் குடும்பக் கதைக்கு வெளியே வேறோர் எழுத்து இருக்கிறது, அது அழிக்கப்படுகிறது என்பதை அவர் அறிந்தேயிருக்கிறார். கிழிக்கப்பட்ட வருகைப் பதிவேட்டையும் சுண்ணாம்பு பூசிய இச்சுவரையும் ஒரே நூலில் வைத்தவர் அவர். இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கச் செய்தால், உயர்வகுப்பு மாணவர்கள் முகர்ஜியின் கட்சியில் சிலரும் ஒந்தாச்சியின் கட்சியில் சிலருமாக நின்று வாதாடுவதற்குப் போதிய பொருள் கிடைக்கும்.

இவ்வளவும் நடந்த பிறகே ‘உன் குடும்பத்தைப் பற்றி எழுது’ என்னும் பயிற்சிக்கு இடம் உண்டு. அதையும் இப்போது வழங்கும் வடிவில் வைப்பது நன்றன்று. ஒந்தாச்சிக்குக் கல்வெட்டு இருந்தது, பதிவேடு இருந்தது, இருமுறை கடல் கடந்து சென்று கேட்கப் பணமும் ஓய்வும் இருந்தன. பாட்டனின் ஊர்ப்பெயர் தவிர வேறொன்றும் அறியாத பிள்ளையிடம் அதே கட்டளையை இட்டால், அவன் ஒன்று பொய் எழுதுவான், அல்லது பிறந்த நாள் விருந்து பற்றி எழுதுவான். அதற்கு மாறாக, வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு வரச் சொல்லலாம். அவர் சொன்னதையும், சொல்லும்போது எந்த இடத்தில் நிறுத்தினார் என்பதையும், எதைச் சொல்ல மறுத்தார் என்பதையும் எழுதச் சொல்லலாம். வீட்டைப் பற்றி எழுத விரும்பாத பிள்ளைக்கு அண்டை வீட்டுப் பாட்டி இருக்கிறார். மதிப்பெண், கேட்டதற்கும் கண்டதற்கும் ஊகித்ததற்கும் வேறுபாடு காட்டி எழுதியிருக்கிறானா என்பதற்கே இருக்க வேண்டும். துயரத்துக்கு மதிப்பெண் போட்டால் அடுத்த ஆண்டு வகுப்பில் துயரம் பெருகிவிடும். எழுதியவன் இசையாமல் அக்கட்டுரையை உரக்கப் படிப்பதும் முறையன்று.

பிள்ளைகள் இதை ஆங்கிலத்தில் எழுதும்போது இன்னொரு தடை வந்து நிற்கும். அத்தையும் சித்தியும் பெரியம்மாவும் மாமியும் அம்மொழியில் ‘ஆன்ட்டி’ என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறார்கள். ஒந்தாச்சியின் நூலைப் படிக்கும் தமிழ் மாணவனும் முதலில் தடுமாறுவது இங்கேதான்: இந்த ‘ஆன்ட்டி’ தந்தை வழியா, தாய் வழியா? தந்தையின் குடியைச் சிரித்துக்கொண்டே சொல்பவள் அவருடைய உடன்பிறந்தவளா, அல்லது அவரால் துன்புற்றவளின் உடன்பிறந்தவளா? ஆங்கில வாசகர் பலர் கேளாமலே கடந்துவிடும் கேள்வி இது. தமிழ்ப் பிள்ளை தன் தாய்மொழிப் பழக்கத்தால் இயல்பாகவே கேட்கிறது. ஆங்கில ஆசிரியர் அதை இலக்கணக் குழப்பம் என்று ஒதுக்காமல் கரும்பலகையில் இரண்டு கிளையாகக் குடும்ப மரம் வரைந்து, ஒவ்வொரு கதையும் எந்தக் கிளையிலிருந்து வந்தது என்று குறிக்கச் செய்வாராக. தேயிலைத் தோட்டப் பகுதிக்கு வரும்போது மரத்துக்குப் பக்கத்தில் மூன்று செய்திகளையும் எழுதி வைக்கலாம்: 1948ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர், 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வழி செய்தது, மெர்வின் ஒந்தாச்சி கேகாலையில் வாழ்ந்து முடிந்ததும் அந்த ஆண்டுகளில்தான்.